டாட் ஏஐ பெயர் வாங்கிப் போட்டிருக்கிறீர்களா? ரினியூவல் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்!

ஒரு ஈமெயில் வருகிறது. 'உங்களிடம் இருக்கும் டாட் ஏஐ டொமைன் பெயரை 20,000 டாலருக்கு வாங்க எங்கள் வாடிக்கையாளர் தயாராக இருக்கிறார். அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் எடுத்து அனுப்புங்கள், உடனே முடித்துவிடலாம்.' சான்றிதழ் தரும் வெப்சைட்டின் முகவரியும் கூடவே இருக்கிறது. கட்டணம் நூறோ இருநூறோ டாலர்.

20,000 டாலர் என்றால் பல லட்சம் ரூபாய். அதற்காகச் சில ஆயிரங்களைச் செலவு செய்தால் என்ன என்றுதான் தோன்றும். பணம் கட்டிச் சான்றிதழை அனுப்பிய பிறகு, வாங்க வந்தவர் காணாமல் போய்விடுவார். அவரும் சான்றிதழ் கொடுத்த வெப்சைட்டும் ஒரே கூட்டம். டொமைன் வியாபாரத்தில் பல வருடங்களாக நடந்துவரும் பழைய மோசடி இது.

இத்தனை வருடங்கள் கழித்தும் இது பலிக்கிறது. காரணம், கையில் இருக்கும் பெயரின் மதிப்பு என்ன என்று அதை வைத்திருப்பவருக்கே தெரிவதில்லை. டாட் காம் பெயர் என்றால் ஓரளவு ஊகிக்கலாம். டாட் ஏஐ, டாட் ஐஓ, டாட் கோ, டாட் எக்ஸ்ஒய்இஸட் என்று புதுப்புது வால்களோடு வரும் பெயர்களுக்கு விலை சொல்வது எப்படி? நல்ல விலைக்கு விற்கலாம் என்று இவற்றை வாங்கிப் போட்டவர்கள் வருடாவருடம் ரினியூவல் பணம் கட்டலாமா, கைகழுவிவிடலாமா?

தீவுக்கு அடித்த லாட்டரி

கரீபியன் கடலில் இருக்கிறது அங்குவிலா. பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட குட்டித் தீவு. மக்கள்தொகை சுமார் 16,000. நம்மூரில் ஒரு பெரிய பேரூராட்சி அளவுதான். இணையம் வளர ஆரம்பித்தபோது ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்துக் குறியீடு ஒதுக்கினார்கள். இந்தியாவுக்கு 'இன்', இலங்கைக்கு 'எல்கே' என்று வந்ததுபோல அங்குவிலாவுக்கு வந்தது 'ஏஐ'. அப்போது அது வெறும் இரண்டு எழுத்து.

2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வெளியானது. 'ஏஐ' என்ற சொல் உலகம் முழுக்க எல்லோர் வாயிலும் புகுந்தது. 2022-ல் 1,44,000 ஆக இருந்த டாட் ஏஐ பெயர்களின் எண்ணிக்கை, 2023-ல் 3,54,000 ஆனது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் இதன் மூலம் அங்குவிலா அரசுக்குக் கிடைத்தது சுமார் 3 கோடியே 20 லட்சம் டாலர். அரசின் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்!

அதே 2023-ல் 'யூ டாட் ஏஐ' என்ற பெயரை, ஹப்ஸ்பாட் நிறுவனத்தின் இணை நிறுவனரும் இந்திய வம்சாவளியினருமான தர்மேஷ் ஷா 7 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2025-ல் 'ஃபின் டாட் ஏஐ' 10 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இப்படிச் செய்திகள் வர வர, 'நாமும் ஒரு நல்ல பெயராகப் பார்த்து வாங்கிப் போட்டால் என்ன?' என்ற ஆசை பலருக்கும் வந்தது. வீட்டுமனை வாங்கிப் போடுவதுபோல, பெயர்களை வாங்கிப் போட்டார்கள்.

பட்டியலில் வராத பெயர்கள்

டொமைன் விற்பனைகளைத் தொகுத்துத் தரும் நேம்பயோ போன்ற தளங்கள் இருக்கின்றன. எந்தப் பெயர், எந்தத் தேதியில், என்ன விலைக்குப் போனது என்று தேடிப் பார்க்கலாம். மதிப்புப் போட ஆரம்பிக்கிறவர்கள் முதலில் போகும் இடம் அதுதான்.

ஆனால், அந்தப் பட்டியலில் விற்ற பெயர்கள் மட்டும்தான் இருக்கும். விற்காமல் கிடக்கும் லட்சக்கணக்கான பெயர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. லாட்டரியில் பரிசு விழுந்தவர்களின் போட்டோக்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால், சீட்டு வாங்கிய எல்லோருக்கும் விழுந்ததுபோலத்தான் தெரியும்.

இலவசமாக மதிப்புச் சொல்லும் தானியங்கிக் கருவிகளிலும் இதே சிக்கல் உண்டு. பழைய விற்பனைகளையும், சொல்லின் நீளத்தையும், அதை எத்தனை பேர் கூகுளில் தேடுகிறார்கள் என்பதையும் வைத்து ஒரு தொகையைச் சொல்லும். நிலத்துக்கு அரசு போடும் வழிகாட்டி மதிப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் காட்டி, 'இந்த விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வாங்க ஆள் வந்தால்தான் விலை.

எனவே, ஒரு பெயரின் மதிப்பைச் சோதிக்க வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. இந்தப் பெயர் இல்லாமல் யாருக்கு வேலை ஆகாது?

10 லட்சம் டாலருக்குப் போன 'ஃபின் டாட் ஏஐ' முகவரியில் இப்போது இருப்பது இன்டர்காம் நிறுவனத்தின் ஏஐ சேவை. அந்தச் சேவைக்கு 'ஃபின்' என்று பெயர் வைத்து, 2023-லேயே அறிமுகப்படுத்திவிட்டார்கள். விற்கிற பொருளின் பெயரே அதுதான் என்னும்போது, அந்த முகவரி அந்த நிறுவனத்துக்கு மற்ற யாரையும்விட அதிகம் பெறும்.

டாட் காம் அல்லாத பெயர்களுக்கு இதுதான் அடிப்படைப் பாடம். நல்ல டாட் காம் பெயர் என்றால், 'எப்போதாவது தேவைப்படும்' என்று வாங்கி வைக்கவே பலர் இருப்பார்கள். மற்ற வால்களுக்கு அந்தக் கூட்டம் கிடையாது. தொழில் செய்யப்போகிற ஒருவர், தன் உபயோகத்துக்காகத் தேடி வந்தால்தான் உண்டு.

எனவே, ஒரு காகிதத்தை எடுத்து, உங்கள் பெயரை வாங்கக்கூடிய நிறுவனங்கள் எவை என்று எழுதிப் பாருங்கள். பத்துப் பதினைந்து எழுத முடிகிறதா? அந்த நிறுவனங்களிடம் பணம் இருக்கிறதா? இப்போது அவை நீளமான, தோதில்லாத பெயரில் வெப்சைட் நடத்துகின்றனவா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் பெயரில் சரக்கு இருக்கிறது. ஒரு பெயர்கூட எழுத வரவில்லை என்றால், தேடி வர ஆள் இல்லை என்று அர்த்தம்.

இதோடு இன்னொன்றையும் பாருங்கள். அதே சொல் டாட் காம், டாட் நெட், டாட் கோ, டாட் இன் என்று எத்தனை வால்களில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது? பல வால்களில் பதிவாகி, அவற்றில் உண்மையான நிறுவனங்களும் இயங்குகின்றன என்றால், அந்தச் சொல்லுக்குத் தேவை இருக்கிறது. எல்லா வால்களிலும் காலியாகக் கிடக்கிறது என்றால், உலகத்துக்கே தெரியாத புதையல் நமக்கு மட்டும் கிடைத்துவிட்டது என்று நினைப்பதைவிட, யாருக்கும் வேண்டாத சொல் என்று நினைப்பதே பத்திரம்.

2. புள்ளிக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் படித்தால் அர்த்தம் வருகிறதா?

டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் சர்வதேச அமைப்பு ஐகேன். 2012-ல் அது புதிய வால்களுக்கு விண்ணப்பம் வாங்கியது. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர். அப்படியும் 1,930 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. டாட் கிளப், டாட் ஆன்லைன், டாட் ஷாப் என்று நூற்றுக்கணக்கான புதிய வால்கள் அப்படி வந்தவைதான்.

இந்தப் புதியவற்றில் பெரிய விலைக்குப் போனவற்றைப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். 2018-ல் 'வெக்கேஷன் டாட் ரென்டல்ஸ்' 5,00,300 டாலருக்கு விற்றது. அதே வருடம் 'ஹோம் டாட் லோன்ஸ்' 5 லட்சம் டாலருக்குப் போனது. முதலாவது, விடுமுறைக்கு வாடகை வீடு. இரண்டாவது, வீட்டுக் கடன். இரண்டுமே மக்கள் அன்றாடம் தேடும் சொற்கள். இரண்டுமே பெரும் பணம் புழங்கும் தொழில்கள். புள்ளியை எடுத்துவிட்டுப் படித்தாலும் அர்த்தம் மாறாது.

இதைத் தலைகீழாகவும் சோதிக்கலாம். 'ஹோம்' என்ற சொல் நல்ல சொல்தான். அதற்காக 'ஹோம்' என்பதோடு சம்பந்தமே இல்லாத ஒரு வாலை ஒட்டினால் 5 லட்சம் டாலர் வந்துவிடாது. 'லோன்ஸ்' என்ற வால் இருக்கிறது என்பதற்காக, அதன் முன் எதைப் போட்டாலும் விற்றுவிடாது. இரண்டும் ஜோடி சேர வேண்டும். டாட் ஏஐ பெயருக்கும் இதேதான். மருத்துவம், சட்டம், குரல், மொழிபெயர்ப்பு என்று செயற்கை நுண்ணறிவு நிஜமாகவே வேலை செய்யும் துறைக்கான சொல் என்றால் பொருந்தும். சம்பந்தமில்லாத சொல்லோடு ஒட்டினால், வால் தனியாகத் தொங்கும்.

3. போனில் சொன்னால் தப்பில்லாமல் டைப் அடிப்பார்களா?

'ஓவர்ஸ்டாக்' என்பது அமெரிக்காவின் பெயர்பெற்ற ஆன்லைன் கடை. 2010-ல் கொலம்பியா நாட்டின் வாலான டாட் கோ உலகம் முழுக்கத் திறந்துவிடப்பட்டபோது, 'ஓ டாட் கோ' என்ற பெயரை 3,50,000 டாலர் கொடுத்து வாங்கியது. ஒரே எழுத்து! அடுத்த வருடமே தன்னை 'ஓ டாட் கோ' என்று விளம்பரப்படுத்த ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஒரு விளையாட்டு அரங்கத்துக்கே அந்தப் பெயர் வைக்கப்பட்டது.

விளம்பரம் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெரும் கூட்டம் 'ஓ டாட் காம்' என்று டைப் செய்தது. அப்படி ஒரு வெப்சைட்டே கிடையாது. சில மாதங்களிலேயே நிறுவனம் மறுபடியும் பழைய 'ஓவர்ஸ்டாக் டாட் காம்' பெயரையே முன்னிறுத்தியது.

'டாட்' என்றால் அடுத்து 'காம்' என்று அடிக்கக் கை பழகிக் கிடக்கிறது. அதை மாற்றுவது சுலபமில்லை. வாங்குகிற நிறுவனம் இதை யோசிக்கும். வாடிக்கையாளர் தப்பாக டைப் செய்தால் யார் கடைக்குப் போவார்? தனக்கு வர வேண்டிய ஈமெயில் யாருக்குப் போய்ச் சேரும்? எனவே, உங்கள் பெயரின் டாட் காம் வடிவம் யாரிடம் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். அதே தொழிலில் இருக்கும் பெரிய நிறுவனத்திடம் இருந்தால், உங்கள் பெயரின் விலை இறங்கும். டாட் காம் விற்பனைக்கு இருந்தால், அதற்கு அவர்கள் கேட்கும் விலைதான் உங்கள் விலைக்கு உச்சவரம்பு. அதே தொகைக்கு டாட் காமே கிடைக்கும் என்றால், உங்களிடம் ஏன் வரப்போகிறார்கள்?

யூ டாட் ஏஐ-யை வாங்கிய அதே தர்மேஷ் ஷா, அதே 2023-ல் 'சாட் டாட் காம்' பெயருக்குக் கொடுத்தது 1 கோடியே 55 லட்சம் டாலர். பிறகு அது ஓபன் ஏஐ நிறுவனத்தின் கைக்குப் போனது. 'ஏஐ' அலை உச்சத்தில் இருந்தபோதும், ஏஐ நிறுவனம் ஒன்றுக்கு வேண்டியிருந்தது டாட் காம்!

இதற்கு விதிவிலக்கு உண்டு. 2015 ஆகஸ்டில் கூகுள் தன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டை அறிவித்தபோது, 'ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இஸட்' என்ற முகவரியைத் தேர்ந்தெடுத்தது. ஆல்ஃபபெட் டாட் காம் பிஎம்டபிள்யூ குழுமத்திடம் இருந்தது. ஏபிசி டாட் காம் டிஸ்னியிடம் இருந்தது. கூகுள் எந்த முகவரி வைத்தாலும் உலகம் தேடிப் போகும். நேற்று ஆரம்பித்த கடைக்கு அந்த வசதி இல்லை.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். 'வாழை' என்ற சொல்லில் வரும் 'ழ'வை ஒருவர் இஸட், ஹெச் போட்டு எழுதுவார். இன்னொருவர் எல் போடுவார். நெடிலுக்கு ஒருவர் இரண்டு 'ஏ' போடுவார், மற்றவர் ஒன்றோடு நிறுத்திவிடுவார். காதில் கேட்கும்போது ஒரே சொல், டைப் செய்யும்போது நான்கு சொல். அதில் ஒன்றை மட்டும் வாங்கி வைத்தால், வாங்க வருகிறவர் தயங்கத்தான் செய்வார்.

4. காத்திருக்க ஆகும் செலவு எவ்வளவு?

மனை வாங்கிப் போடுவதற்கும் டொமைன் வாங்கிப் போடுவதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். மனையைக் கிரயம் செய்துவிட்டால் அது உங்களுடையது. டொமைன் அப்படியல்ல, குத்தகை மாதிரி. ரினியூவல் பணம் கட்டும்வரைதான் உங்களிடம் இருக்கும். கட்டத் தவறினால், கெடு முடிந்து வேறொருவர் எடுத்துக்கொள்வார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். டாட் ஏஐ பெயரைக் குறைந்தது இரண்டு வருடங்களுக்குப் பதிவு செய்ய வேண்டும். 2025-ல் இரண்டு வருடங்களுக்கு 140 டாலர் என்று வைத்திருந்தது அங்குவிலா. அதாவது, வருடத்துக்கு 70 டாலர். பதிவு செய்துதரும் நிறுவனத்தின் லாபம் தனி. டாட் காம் பெயருக்கு, 2024 செப்டம்பர் முதல் மொத்த விலை வருடத்துக்கு 10 டாலர் 26 சென்ட்.

ஒருவரிடம் 100 பெயர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் வருடத்துக்கு ஒரு பெயர், 2,000 டாலருக்கு விற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அவை டாட் காம் என்றால், வருடச் செலவு 1,026 டாலர். வரவு 2,000. கையில் கொஞ்சம் மிஞ்சுகிறது. அதே 100 பெயர்களும் டாட் ஏஐ என்றால், அந்த விலையில் வருடச் செலவு 7,000 டாலர். வரவு அதே 2,000. நஷ்டம் 5,000 டாலர்!

அதாவது, அதே வேகத்தில் விற்கும் டாட் ஏஐ பெயர்களுக்கு ஒவ்வொரு விற்பனையிலும் 7,000 டாலராவது கிடைத்தால்தான் போட்ட பணம் வரும். இதில் விற்றுத் தரும் சந்தைத் தளங்களின் கமிஷனைச் சேர்க்கவில்லை. அது பொதுவாக 15, 20 சதவிகிதம் வரும். 2023-ன் பரபரப்பில் வாங்கியவர்களுக்கு இரண்டு வருடக் கெடு முடிந்து 2025-ல் முதல் ரினியூவல் வந்தது, நிற்காமல் அடுத்தடுத்தும் வரும்.

விலை குறைந்த வால்களில் வேறு மாதிரி பொறி. முதல் வருடம் 100, 200 ரூபாய்க்குப் பெயர் கிடைக்கும். இரண்டாம் வருடம் ஆயிரத்துக்கு மேல் கேட்பார்கள். சில புதிய வால்களில், நல்ல சொற்களுக்கு 'பிரீமியம்' என்று தனி விலை வைத்திருப்பார்கள். வாங்கும்போது ஒருமுறை மட்டும்தான் அந்தக் கூடுதல் விலையா, வருடாவருடம் அதே விலையா என்று பார்க்காமல் வாங்கினால் மாட்டிக்கொள்வோம். உங்களிடமிருந்து வாங்குகிறவரும் அதைத்தான் காலத்துக்கும் கட்ட வேண்டும் என்பதால், அவர் தரும் விலையும் அந்த அளவுக்குக் குறையும்.

முற்றிலும் இலவசமாகக் கிடைத்த வாலின் கதை இன்னும் பாடம். நியூசிலாந்தைச் சேர்ந்த டோக்கலாவ் தீவுகளின் டாட் டிகே பெயர்களை ஃப்ரீநாம் என்ற நிறுவனம் இலவசமாக வழங்கியது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய நாட்டு வாலாக அது இருந்தது. இலவசம் என்பதால் மோசடிக்காரர்களும் அதில் குவிந்தார்கள். 2023-ல் மெட்டா நிறுவனம் ஃப்ரீநாம் மீது வழக்குப் போட்டது. 2024-ல் ஃப்ரீநாம் டொமைன் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது. கெட்ட பெயர் எடுத்த தெருவில் மனை இருந்தால், மனை நல்லதாக இருந்தாலும் விலை போகாது.

5. வில்லங்கம் பார்த்தீர்களா?

நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் பார்க்கிறோம் அல்லவா? டொமைனுக்கும் மூன்று வில்லங்கங்கள் உண்டு.

முதலாவது, பெயரின் பழைய வரலாறு. உங்களுக்கு முன் யாராவது அந்தப் பெயரில் சூதாட்டத் தளமோ, மோசடித் தளமோ நடத்தியிருக்கலாம். 'வேபேக் மெஷின்' என்ற இலவச சேவையில் பழைய பக்கங்களைப் பார்க்கலாம்.

இரண்டாவது, வாலின் சொந்தக்கார நாடு. இரண்டெழுத்து வால்கள் எல்லாமே ஏதோ ஒரு நாட்டுக்கோ பிரதேசத்துக்கோ உரியவை. அங்குள்ள அரசியலும் சட்டமும் உங்கள் பெயரைத் தொடும். 2010-ல் லிபியாவின் டாட் எல்ஒய் வாலில் இருந்த 'விபி டாட் எல்ஒய்' என்ற தளத்தை, தங்கள் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி முடக்கினார்கள். பிரிட்டன் ஐரோப்பிய யூனியனைவிட்டு வெளியேறியதும், அங்கே இருந்த பலர் தங்கள் டாட் இயு பெயர்களை வைத்துக்கொள்ளும் தகுதியையே இழந்தார்கள்.

மென்பொருள் நிறுவனங்களுக்குப் பிடித்த டாட் ஐஓ, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் வால். அதாவது, சாகோஸ் தீவுகள். அந்தத் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு மாற்றுவதற்கான ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே 22-ல் கையெழுத்திட்டது. நாட்டுக் குறியீடுகளின் பட்டியலிலிருந்து ஒரு குறியீடு நீக்கப்பட்டால், அதன் வால் பொதுவாக ஐந்து வருட அவகாசத்தில் ஓய்வுபெற வேண்டும் என்பது விதி. அவகாசத்தை நீட்டிக்கவும் வழி இருக்கிறது. யூகோஸ்லாவியா என்ற நாடு மறைந்த பிறகு, அதன் டாட் ஒய்யு வால் 2010-ல் நீக்கப்பட்டது. டாட் ஐஓ-வுக்கும் அப்படி நடந்தே தீரும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், பெரிய தொகை கொடுத்து வாங்குகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்டே தீருவார்.

மூன்றாவதுதான் நம்மூரில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் வில்லங்கம்: டிரேட்மார்க். பிரபல நிறுவனத்தின் பெயரை முந்திக்கொண்டு பதிவு செய்தால் கோடி கிடைக்கும் என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க் போன்ற பாதுகாப்பு உண்டு என்று, சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. டாட் இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் தகராறு தீர்வு முறை இருக்கிறது. டாட் காம் உள்ளிட்டவற்றுக்கு சர்வதேச அளவில் தனி முறை இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்தது நிரூபணமானால், பெயர் பறிபோகும். ஒரு ரூபாய் கிடைக்காது.

2024-ல் 'ஜியோஹாட்ஸ்டார் டாட் காம்' பெயரை முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்த டெல்லி இளைஞர் ஒருவர், தன் வெளிநாட்டுப் படிப்புச் செலவை ரிலையன்ஸ் ஏற்க வேண்டும் என்று கேட்டது நாடு முழுக்கச் செய்தியானது. அவர் கேட்டது கிடைக்கவில்லை. பெயர் வேறு கைக்கு மாறியது. அடுத்த பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் சேவை ஆரம்பமானது.

தமிழிலேயே ஒரு பெயர்!

டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்ற வால்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. புள்ளிக்கு முன்னும் தமிழ், பின்னும் தமிழ். மேலே சொன்ன 'ழ' குழப்பமே இங்கே கிடையாது.

இவை விற்பனைக்கு ஏற்றவையா? இப்போதைக்கு, விற்கலாம் என்ற ஆசையில் வாங்குகிறவருக்கு இது தோதான இடமில்லை. தமிழ் எழுத்து ஈமெயில் முகவரியைப் பல ஆன்லைன் படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை. வாங்க வரும் நிறுவனங்களும் குறைவு. ஆனால், சொந்தக் கடைக்கோ, பத்திரிகைக்கோ, ஊர் அமைப்புக்கோ பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கு நல்ல சொற்கள் இன்னும் கிடைக்கும். விற்கும் விலை வேறு, பயன்படுத்துகிறவருக்கு இருக்கும் மதிப்பு வேறு.

நிஜமாகவே ஆள் வந்தால்?

உண்மையாக வாங்க நினைப்பவர் உங்களிடம் சான்றிதழ் கேட்க மாட்டார். அவர் எவ்வளவு தருவார் என்பதை அவர்தான் தீர்மானித்திருப்பார். 'முதலில் நீங்கள் பணம் கட்டுங்கள்' என்று யார் சொன்னாலும் பதில் போடாமல் அழித்துவிடுங்கள்.

விலை பேசும்போது, வந்திருப்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று முதலில் தேடுங்கள். நேம்பயோவில், அதே வாலில், அதே வகைச் சொல், கடந்த ஓரிரு வருடங்களில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். டாட் காம் விலையை டாட் ஏஐ-க்கோ, டாட் ஏஐ விலையை டாட் எக்ஸ்ஒய்இஸட்டுக்கோ ஒப்பிடாதீர்கள்.

விலை முடிந்ததும் பெயரை மாற்றிக் கொடுப்பதற்கான ரகசியக் குறியீட்டை உடனே அனுப்பிவிடக் கூடாது. அதைக் கொடுப்பது, சாவியைக் கொடுப்பதற்குச் சமம். பணத்தை நடுவில் ஒருவர் வாங்கி வைத்து, பெயர் மாறிய பிறகு விற்றவருக்குத் தரும் 'எஸ்க்ரோ' சேவைகள் இருக்கின்றன. அந்த சேவையின் முகவரியையும் நீங்களே டைப் செய்து போங்கள். வாங்க வந்தவர் அனுப்பும் லிங்க்கைத் தொட வேண்டாம்.

ரினியூவல் நாள்

ஆரம்பத்தில் பார்த்தோமே, அந்த டாட் ஏஐ பெயர் வைத்திருப்பவர்? அவர் முன் இருக்கும் உண்மையான கேள்வி 20,000 டாலர் அல்ல. இன்னும் இரண்டு வருடங்களுக்கு ரினியூவல் பணம் கட்டலாமா என்பதுதான்.

அவர் இப்படி முடிவெடுக்கலாம். வாங்கக்கூடியவர்களின் பட்டியலை எழுதிப் பார்க்க வேண்டும். வாலும் சொல்லும் ஜோடி சேர்கிறதா, போனில் சொன்னால் புரிகிறதா, டிரேட்மார்க் வில்லங்கம் இல்லையா என்று சோதிக்க வேண்டும். கடைசியாக, தன்னிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: 'இந்தப் பெயர் என்னிடம் இல்லை, இன்று காலியாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே பணத்தைக் கொடுத்துப் புதிதாக வாங்குவேனா?'

'வாங்குவேன்' என்றால் கட்டலாம். 'இத்தனை வருடம் கட்டியாயிற்றே' என்பது மட்டும்தான் பதில் என்றால், அந்தப் பணம் போனது போனதுதான். மேலும் கட்டினால் அது திரும்பி வராது. ஏலச்சீட்டில் ஏமாந்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

பத்துப் பெயர்கள் வைத்திருப்பவர், அவற்றில் சிறந்த ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல வருடங்களாக இந்தத் தொழிலில் நிற்பவர்கள் வருடாவருடம் செய்வதும் அதைத்தான்.

இந்த வியாபாரத்தில் பெயர் விற்றாலும் விற்காவிட்டாலும் வருமானம் பார்ப்பவர்கள் உண்டு. பதிவு செய்துதரும் நிறுவனங்களும், வாலுக்குச் சொந்தமான நாடுகளும்தான். 2000-ல் துவாலு என்ற பசிபிக் குட்டி நாடு ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தபோது, அதற்கு உதவியது தன் டாட் டிவி வாலை வாடகைக்குவிட்ட பணம்தான். அங்குவிலாவுக்கு இப்போது அந்த யோகம். வால் வைத்திருக்கும் தீவுக்கு ஒவ்வொரு ரினியூவலும் வரவு. பெயர் வைத்திருக்கும் நமக்கு, விற்கும் நாள்வரை அது செலவு. அடுத்த நினைவூட்டல் ஈமெயில் வரும்போது இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்!